மஞ்சள் பூசிய மீன் பானை

கரண்ட் போனால் எங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றி ஓய்வதற்கு முன்பே அந்தக் 'கொளகொள' சத்தம் நின்றுவிடும். கண்ணாடித் தொட்டிக்குள் காற்று விடுகிற சின்ன மோட்டாரின் சத்தம் அது. நின்ற மாத்திரத்தில் பாசி வாடை பைய எழும்பி அறை முழுக்கப் பரவும். என் மகள் கோமதி எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடிவந்து, சமையற்கட்டிலிருந்து கரண்டியை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றுவாள். அப்படிச் செய்தால்தான் மீனுக்கு மூச்சு கிடைக்குமாம். குழம்புக்கு வைத்திருந்த கரண்டி மீனுக்கு ஆகிப்போனதால் நான் வேறு கரண்டி வாங்கவேண்டி வந்தது.

சின்ன வயதைப் பற்றி எழுது என்றால் எனக்குச் சொந்தமாக அப்படி ஒன்று பெரிதாக இருந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு வயலுக்கு இறங்கிவிட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, நான் நட்ட வயலில் வரிசை கோணியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் பொழுதுபோக்காக ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்றால் அது என் மகளின் சின்ன வயதில், அவளோடு சேர்ந்து அந்தத் தொட்டிக்கு முன்னால்தான். ஆகவே அவளுடைய சின்ன வயதையே என்னுடையதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தொண்ணூற்று நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. கோமதி மூன்றாவதோ நாலாவதோ படித்தாள். என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். பக்கத்துப் போர்ஷனில் இருந்த பேங்க் ஆபீசர் வடக்கே மாற்றலாகிப் போனபோது, தினமும் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கென்று தொட்டியை அப்படியே கொடுத்துவிட்டுப் போனார். ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து மீன், கருப்பாக ஒன்று. அந்தக் கருப்பு மீனுக்குக் கோமதி 'கருப்பி' என்று பெயர் வைத்தாள். தெருப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வேடிக்கை காட்டிச் சோறூட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு மதிப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அந்த வருஷம் சித்திரையில் வீட்டுக்காரம்மா தன் மகனுக்குக் கல்யாணம் என்று எங்களைக் காலி செய்யச் சொன்னாள். டவுனில் வேறு வீடு பார்த்தோம். கத்திரி வெயில் பிறந்துவிட்டால் வீடு மாறக்கூடாது என்பதால் அதற்கு முன்னாலேயே நாள் குறித்தோம். எங்கள் பக்கத்தில் புது வீட்டில் பால் காய்ச்சுவது நாத்தனார் கைதான். என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, அதற்காகவே நாங்குநேரியிலிருந்து வந்து இறங்கினாள். வந்ததும் தொட்டியைப் பார்த்தாள். கருப்பி அந்த வாரம் முழுக்க வயிறு வீங்கி, இரை எடுக்காமல், ஒரு மூலையிலேயே கிடந்தது.

"ஏட்டி, இது சாகக் கெடக்கே. பால் காய்ச்சுத அன்னைக்கு வீட்டுக்குள்ள ஒரு உசுரு போச்சுன்னா நல்லாவா இருக்கும்? போற வழியில எல்லாத்தையும் ஆத்துல விட்டுரு" என்றாள்.

கோமதி அதைக் கேட்டுவிட்டு, "அப்ப என்னையும் ஆத்துல விட்டுருங்க அத்தை" என்று தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிற பிள்ளை இல்லை. நானும் யோசிக்காமல், "ஒண்ணுகூடச் சாகாமக் கொண்டுபோயிச் சேக்கது என் பொறுப்பு மதினி" என்று சொல்லிவிட்டேன். "பாப்போம், பாப்போம்" என்றாள் மதினி. அந்தப் 'பாப்போம்' எனக்குள் போய் முள்ளாக நின்றுகொண்டது. பிள்ளைக்கு மீன், எனக்கு வாக்கு.

பொறுப்பு என்று சொல்லிவிட்டேனே தவிர, வெயிலில் மீனை எப்படிக் கொண்டுபோவது என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மார்க்கெட் பக்கம் வர்ண மீன் விற்கிறவர், "பழைய தண்ணி பாதியாவது வேணும்மா. ஐஸ நேராப் போட்டுராதீங்க, கவர்ல கட்டி மெதக்க விடுங்க" என்றார். எதிர் வீட்டுக் கம்பவுண்டர் ஐஸே ஆகாது, சளி பிடித்துவிடும் என்றார். "மீனுக்குச் சளியா வே? தண்ணிக்குள்ளயே கெடக்க சாதிக்கு?" என்று என் வீட்டுக்காரர் சிரித்ததில் கம்பவுண்டருக்குக் கோபம் வந்து அன்று முழுக்கப் பேசவில்லை. வீட்டுக்காரம்மா, தன் பிரிட்ஜில் கீழ்த்தட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடு என்றாள். ஒருத்தர் உப்புப் போடு என்றார், இன்னொருத்தர் உப்புப் பட்டால் அவ்வளவுதான் என்றார். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் என் புத்திக்குப் பட்டதைச் செய்தேன். காருகுறிச்சிப் பானை இரண்டு, ஒரே அளவில் வாங்கினேன். ஒன்று, புது வீட்டுக்குள் முதலில் கொண்டுபோக வேண்டிய நிறைகுடத்துக்கு. மற்றது மீனுக்கு. மீன் பானையை மண் வாடை போகிறவரை ஊறப்போட்டு, அன்று காலையில் தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, மீன்களை விட்டு, வாயில் நனைந்த வேட்டித் துணியைக் கட்டி, சுற்றிலும் ஈரச் சாக்கைச் சுற்றினேன். நிறைகுடத்தின் வாயிலும் வெள்ளைத் துணிதான். அதன் வயிற்றில் மதினி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

மதினி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் டிரைவர் பக்கத்தில் ஏறினாள். நானும் கோமதியும் என் வீட்டுக்காரரும் பின்னால், பீரோ நிழலில், இரண்டு பானைகளோடு. ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது டயர் பஞ்சர் ஆனது. தலைக்கு நேராக வெயில். துணியை விலக்கிப் பார்த்தால் ஆரஞ்சு மீன்களெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன, கருப்பி அடியில் சாய்ந்து கிடக்கிறது. கோமதி கரண்டியால் மொண்டு ஊற்றிக்கொண்டே அழுதாள்.

மதினி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "நான் சொன்னேம்லா. கீழதான ஆறு ஓடுது, இங்கனயே விட்டுருவோம். புண்ணியமாப் போகும்."

என் வீட்டுக்காரர் என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவரை விரட்டி, பாலம் முடிகிற இடத்தில் இருந்த சர்பத் கடையிலிருந்து ஒரு ஐஸ்கட்டி வாங்கிவரச் செய்து, கவரில் கட்டி மிதக்கவிட்டேன். அதனால் பிழைத்தனவா, சாக்கை மறுபடி நனைத்ததனாலா, பிள்ளை மொண்டு ஊற்றியதனாலா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

டவுன் வீட்டு வாசலில் இறங்கும்போது நல்ல நேரம் முடியப்போகிறது என்று மதினி பறந்தாள். நான் சொட்டிக்கொண்டிருந்த சாக்கை மீன் பானையிலிருந்து அவிழ்த்து எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் வைத்த தட்டைத் தேடிப் போனேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், "ஏலே, நேரம் போகுதுலே, குடத்தை எடு!" என்று மதினி தம்பியைச் சத்தம் போட, அவர் கைக்கு எட்டிய பானையைத் தூக்கி, வலது காலை வைத்து உள்ளே போய், சாமி படத்துக்கு முன்னால் இலையில் பரப்பிய அரிசியின் மேல் வைத்துவிட்டார். மதினி பானையின் வாயில் மாவிலை செருகி, சூடம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டு எழுந்தோம். பால் பொங்கியது. அப்போதுதான் கோமதி அலறினாள்: "அது எம் மீனு!"

ஓடிப்போய்ப் பார்த்தால், நிறைகுடத்தை யாரோ குடிதண்ணீர்ப் பானை என்று நினைத்துச் சமையற்கட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் தாகத்துக்கு அதில் மொண்டு குடித்துப் பாதியாக்கியிருந்தார்கள். என்னைக் குழப்பியது அதுவல்ல. சாமிக்கு முன்னால் இருந்த மீன் பானையின் வயிற்றிலும் மஞ்சள், அதற்கு மேல் குங்குமம். நான் சாக்கை அவிழ்த்தபோது அதில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் பானையை எடுக்கக் குனிந்தார். "மாத்தி வச்சிருவோமாக்கா?"

"மாத்தவா? வச்ச குடத்தை மறுநா விடியுமுன்ன அசைக்கப்படாதுல, தெரியாதா?" என்றாள் மதினி. குனிந்து பானை வாயில் சரிந்திருந்த மாவிலையை நிமிர்த்தி வைத்தாள். "கெடக்கட்டும். மீனும் சாமி முன்னால கெடக்கட்டும்."

அந்த வீட்டுச் சமையற்கட்டுக்குக் கல்நார்க் கூரை. மீன் பானையை அங்கேதான் வைக்க வேண்டுமென்று நான் நினைத்திருந்தேன். மத்தியானம் அங்கே கால் வைக்க முடியவில்லை, அடுப்பில்லாமலே சோறு வெந்துவிடும் போலிருந்தது. சாமி அறைச் சுவரோ பழைய கட்டுமானம், முழங்கை அகலம், தொட்டால் சில்லென்று இருந்தது. கோமதி பானைப் பக்கத்தை விட்டு நகரவில்லை. மாவிலையையும் துணியையும் ஓரமாக ஒதுக்கிக்கொண்டு கரண்டியால் மொண்டு ஊற்றினாள். மதினி அந்த வழியாகப் போகும்போதும் வரும்போதும் கையில் தண்ணீர் எடுத்துப் பானைமேல் தெளித்தாள். "குடம் காயப்படாது" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் துணியை அவிழ்த்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. கருப்பி வயிறு ஒட்டிப்போய்ச் சுறுசுறுப்பாகச் சுற்றியது. தண்ணீரில் பொடிப் பொடியாகக் கருப்பு எதுவோ நெளிந்தது.

"கொசுப்புழு விழுந்துட்டு. கொட்டுட்டி வெளிய" என்றாள் மதினி.

கோமதி குனிந்து பார்த்தாள். "இல்ல அத்தை, கண்ணு இருக்கு."

மதினியும் குனிந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடி கள்ளி! சீக்காக் கெடக்கான்னு நெனச்சா, புள்ளத்தாச்சியாலா இருந்திருக்கா! நான் பாட்டுக்கு ஆத்துல விடச் சொன்னனே." குங்குமச் சிமிழை எடுத்துவந்து பானைக்கு இன்னொரு பொட்டு வைத்தாள். குஞ்சுகளைப் பெரிய மீன்கள் தின்ன ஆரம்பித்ததும் மிச்சத்தை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் பிரித்து விட்டோம். அவை வளர்ந்து, அந்தத் தெருவில் பல வீட்டுச் சிமெண்டுத் தொட்டிகளுக்குப் போயின.

மஞ்சள் பூசியது யார் என்று நான் கேட்காத நாள் இல்லை. "நான் எதுக்குட்டி மீனுக்கு மஞ்ச பூசுதேன்? உன் மாப்ள வேலையா இருக்கும்" என்பாள் மதினி. "எனக்கு மஞ்ச டப்பா எங்க இருக்குன்னே தெரியாது" என்பார் என் வீட்டுக்காரர். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வீட்டை இடித்துவிட்டுச் செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள்.

கோமதி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன மாதம் வீடு மாறினாள். அவள் மகள் ஒரு மீன்தொட்டி கேட்டு அடம் பிடிக்கிறாளாம். வாங்கிக் கொடேன் என்றேன் போனில்.

"வேண்டாம்மா. சின்னதுல வீடு மாறும்போது எம் மீனெல்லாம் செத்துச்சே, அந்த மாதிரி இவளும் அழணுமா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு சொன்னா செத்துச்சுன்னு?"

"பாலத்துமேலயே செத்துட்டுல்லாம்மா. அப்பா ஆத்துல விட்டாங்க. நான் பாத்தேனே."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பானை, அரிசி, மாவிலை, குஞ்சுகள், ஊறுகாய்ப் பாட்டில், ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியாம்மா" என்றாள். வயதானவர்களிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

எனக்கு நினைவு தப்பவில்லை. இன்றைக்கும் யார் வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருந்தது என்று சொல்லுவேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அவளும் பார்த்தேன் என்கிறாள். அன்றைக்குப் பார்த்த பெரியவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அந்தப் பாலத்தின் மேல் என் மகள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அங்கே எதைப் பார்த்தாள் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.