டெலிபோன் கூண்டுக்குள்

பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து மழை விடவேயில்லை. கணவருக்கு விரி என்ற இடத்தில் வேர்ஹவுஸ் வேலை. பாபகூரா என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த சின்ன வீட்டில் பகல் முழுக்க நானும் மகளும் மட்டும். அவளுக்கு அப்போது பத்து வயது. ஆட்டிசம். சில சொற்கள்தான் வரும், அதுவும் ஆங்கிலத்தில். ஹோலுக்கும் அறைக்குமாக ஓடி ஓடிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரர் அதே சுவரில் மறுபக்கமிருந்து தட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே இருக்க முடியவில்லை.

அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்த ஒரு சின்ன மியூசியத்துக்குப் போனேன். மழைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லாத் தாய்மாரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். உள்ளே பிள்ளைகளும் ஈரக் கோட்டுகளும் கூச்சலும்.

மகள் காதுகளைப் பொத்திக்கொண்டாள். நான் திரும்புவதற்குள், மூலையில் நின்ற பழைய சிவப்பு டெலிபோன் கூண்டைக் கண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். கதவு உள்பக்கமாக மடங்கித் திறப்பது. அதில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்து, மறுபடியும் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"எழும்பு குஞ்சு, வெளியில போவம்."

"நோ பீப்பிள்," என்றாள்.

அவளைத் தூக்க எனக்குப் பலமில்லை. தொட்டால் கத்துவாள். சுற்றிலும் கண்ணாடி. ஒரு சின்னப் பெண் வந்து மூக்கை அழுத்திப் பார்த்தாள். அவளுடைய தாய் அவளை இழுத்தெடுத்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் பார்த்துப் பார்த்துத்தான் போவதையே விட்டிருந்தேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, யாரோடோ கதைப்பவள்போல நின்றேன். அதில் ஒரு சத்தமும் இல்லை.

வெளியே போனாலும் எங்கே போவது என்று தோன்றியது. எனக்கு வயது போன பிறகும், வளர்ந்த பெண்ணின் பக்கத்தில், ஏதோ ஒரு மூலையில் இப்படித்தான் நிற்பேன். ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அக்கா, நீங்க தமிழா?"

கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண். தமிழ்நாட்டுப் பேச்சு. பின்னால் அவளுடைய மகள்கள் இருவர்.

"ஓம்."

"நான் கொஞ்சம் மறைச்சுக்கிட்டு நிக்கட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் ரெயின்கோட்டைக் கழற்றிக் கண்ணாடியில் விரித்துப் பிடித்தாள். மகள்களையும் மற்றப் பக்கங்களில் அப்படியே நிற்க வைத்தாள். உள்ளே மங்கலானது.

"கனநேரம் ஆகும். நீங்கள் போங்கோ."

"பரவால்லக்கா. வீட்டுக்குப் போனாலும் இதுங்க சண்டைதான் போடும்."

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போது இவளுக்காகவும் நான் அவசரப்பட வேண்டும். அவளோ, இரவுக்கு என்ன சமையல் என்று கேட்டாள். புட்டு என்றேன். குழாயிலா என்று கேட்டாள். இல்லை, நீத்துப்பெட்டியில் என்றேன். அது பனையோலையில் பின்னிய கூம்புப் பெட்டி என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே சனங்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

மூடும் நேரம் வந்தது. அங்கே பொறுப்பாக இருந்த முதியவரிடம் அந்தப் பெண் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார். எங்கள் தலைக்கு மேலிருந்த டியூப்லைட் அணைந்தபோதுதான் அது அவ்வளவு நேரமும் இரைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. மகள் காதிலிருந்து கையை எடுத்தாள். எழும்பினாள். கதவைத் திறந்துகொண்டு போனாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் குனிந்து பார்த்தாள். தையல் மெஷின், பால் போத்தல்கள், பட்டாளத்துக்காரனின் சப்பாத்து. முதியவர் சாவியோடு காத்து நின்றார்.

கார் பார்க்கில் அந்தப் பெண் கேட்டாள். "சனிக்கிழமை வீட்டுக்கு வாங்களேன்."

"பாப்பம்," என்றேன். வரமாட்டேன் என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல் அது.

அவளுக்கு விளங்கிவிட்டது போல. "சரி, அப்ப நாங்க வர்றோம். அட்ரஸ் சொல்லுங்க."

வந்தார்கள். அவர்கள் போகும்வரை மகள் தன் அறைக்கதவைத் திறக்கவில்லை. நாங்கள் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். அடுத்த மாதமும் வந்தார்கள்.