புகைபோக்கிக்கு அனுப்பிப் பார்த்தவள்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆய்வகத்திலிருந்து தர்மேந்தர் அழைத்தார். "ஜெசிந்தா மேடம் நஹீ ரஹீ" என்றார். ஜெசிந்தா போய்விட்டாளாம். காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். போன வாரம்தான் என்னோடு சண்டை போட்டாள். அதற்குள் என்ன அவசரம் அவளுக்கு?

அவளைத் தெரிந்த உங்களுக்கு எங்கள் வேலையும் தெரிந்திருக்கும். அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிடித்துவைக்கும் வெள்ளைக் குருணைகளைத் தயாரிப்பது எங்கள் பிழைப்பு. சிலிண்டரிலிருந்து சுத்தமான வாயுவை விட்டால் குருணை பிரமாதமாகப் பிடிக்கும். நாங்கள் குதிப்போம். தூத்துக்குடிக்காரி ஜெசிந்தா மட்டும் அசையமாட்டாள். "ஏ பிள்ள, இது தாய்வீடு. புகுந்த வீட்டுக்கு அனுப்பிப் பாரு, அப்பத் தெரியும்" என்பாள். புகுந்த வீடு என்று அவள் சொன்னது நிஜப் புகைபோக்கியை.

எங்கள் திட்டத்தை நீட்டிப்பதா, மூடுவதா என்று முடிவெடுக்க ஒரு குழு வந்தது. சிலிண்டர் வாயுவையே காட்டிவிடலாம் என்றார் எங்கள் தலைவர். ஜெசிந்தாவோ மின்நிலையத்துக்கே போய்ப் பெரிய பைகளில் புகையைப் பிடித்துவந்து, குழுவின் கண்ணெதிரே செலுத்தினாள். முதல் சுற்றில் குருணை நன்றாகத்தான் பிடித்தது. சூடாக்கி வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி புகையை விட்டால், பாதிகூடப் பிடிக்கவில்லை. போகப்போக அதுவும் இல்லை. புகையிலிருந்த சல்ஃபர் டை ஆக்சைடு கரியமில வாயுவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு சூடாக்கினாலும் எழுந்திருக்க மறுத்துவிட்டது.

"மர் கயா, சார்" என்று குழுவிடம் சிரித்தபடி சொன்னாள் அவள். எதனால் செத்தது என்று இப்போது தெரியும், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்றும் கேட்டாள். என்ன நெஞ்சழுத்தம் அம்மா அது! குழு அவகாசம் கொடுத்துவிட்டுப் போனது. தலைவரின் வசவு முழுவதையும் அவளே முன்னால் நின்று வாங்கிக்கொண்டாள். எங்களில் ஒருவர் பெயரும் அடிபடவில்லை.

பிறகு அவள் செய்தது ரொம்பச் சின்ன காரியம். புகை போகும் குழாயில், குருணைக்கு முன்னால் ஒரு சுண்ணாம்பு அடுக்கு வைத்தாள். சல்ஃபரை அது வாங்கிக்கொள்ளும். கெட்டுப்போனால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம். திட்டம் பிழைத்தது. நாங்களும் பிழைத்தோம்.

மயூர் விஹாரில் அவள் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, மறுநாள் ஆய்வகத்தில் அவள் சுண்ணாம்பு வைத்த அந்தக் குழாயைத் திறந்தேன். இனி எந்தக் குருணையையும் புகைபோக்கிக்கு அனுப்பாமல் நல்லது என்று சொல்லமாட்டேன். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.

முன்னாலிருந்த சுண்ணாம்பு சல்ஃபரையெல்லாம் வாங்கிக்கொண்டு பாழாகியிருந்தது. பின்னாலிருந்த குருணைகள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தன, ஜெசிந்தா.