மூக்குத்தி கழற்றிய நாள்

மகனின் நிச்சயதார்த்த போட்டோக்கள் போனில் வந்தன. கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றைப் பெரிதாக்கினார். “என் பக்கத்துல ஒரு பாட்டி நிக்கறாங்களே, பொண்ணு வீட்டுக்காரங்களா?” என்றார். அந்தப் பாட்டி கட்டியிருந்தது என் மாம்பழ நிறப் பட்டுப்புடவை.

நான் ரோஷக்காரி. மறுநாளே பெங்களூர் ஜெயநகரில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் போய் நின்றேன். கத்தி இல்லை, ஊசி இல்லை; ரேடியோ அலையால் தோலுக்கடியில் சூடேற்றித் தொய்வை இறுக்குவார்களாம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் இந்த மனிதர் ஒரு தடவையாவது என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட வேண்டும். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

“முகத்துல மெட்டல் எதுவும் இருக்கக்கூடாது மேடம்,” என்றாள் மெஷின் இயக்கும் பெண். தோடு கழன்றது. கல்யாணத்தில் போட்ட மூக்குத்தியை முப்பது வருஷமாகக் கழற்றியதே இல்லை; திருகாணி அசையவில்லை. பக்கத்து மளிகைக் கடையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாக்கெட் வந்தது. கால் மணி நேரம் அவள் திருக, நான் தும்ம, ஒருவழியாகக் கையோடு வந்தது. இளமையைத் தேடிப் போனவள் கண்ணீரும் சளியுமாகப் படுத்தேன்.

ஜெல் தடவி, புடவைக்கு இஸ்திரி போடுவதுபோல் கன்னத்தை மேல்நோக்கி நீவினாள். “சூடு ஜாஸ்தி ஆச்சுன்னா ஹேளி மேடம்,” சொல்லுங்கள் என்பதைக் கன்னடத்தில் சொன்னாள். ஜாஸ்திதான். சொல்லவில்லை, சூடு கூடினால் இன்னும் இரண்டு வயது குறையுமென்று ஒரு நப்பாசை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் நிமிர்ந்தார். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“என்னவோ மாதிரி இருக்கியே.”

“எப்படி?” என் குரலில் இருபது வயதுக் குழைவு.

“மூக்குத்தி எங்கே?”

தொட்டுப் பார்த்தேன். கிளினிக்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கடுகளவு கல் இல்லாதது தெரிகிறது, கன்னம் ஏறியது தெரியவில்லையா! கத்தினேன். கத்தியதில் எங்கே போனேன், எதற்குப் போனேன் என்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் நினைவு வந்தது: அந்த போட்டோவில் நான் பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தேன். மூக்குத்தி தெரியவில்லை.

கிளினிக் பெண் அதை டிஷ்யூவில் பொதிந்து வைத்திருந்தாள். அவளே போட்டும் விட்டாள். “மேடம் முகத்துல வித்தியாசம் தெரியுதா சார்?” என்று பெருமையாகக் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

“இப்பதான் இவ இவளா இருக்கா.”

அந்தப் பெண் அதை மெஷினுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அழுதால் முகம் சுருங்கும்.