கண்ணை மூடிக் கேட்ட படம்

தவக்காலம் வந்தால் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஆளுக்கொன்றை விட்டாக வேண்டும். அப்பா தேநீருக்குச் சீனி போடுவதை விடுவார். விட்டுவிட்டு நாற்பது நாளும் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்து அந்தக் கசப்பைக் குடிப்பார். அண்ணா ஒரு வருடம் பாகற்காயை விட்டான். அது ஒறுத்தல் அல்ல, ஆதாயம் என்று அப்பா காதைத் திருகியபிறகு இறைச்சிக்கு மாறினான். அம்மா விடுவது கதைப் புத்தகங்களை. அவற்றைப் பேப்பரில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு அந்தப் பக்கமே பாராமல் நடமாடுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி, முதல் நன்மை எடுக்கப்போகிற வருடம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் களிமண்ணில் ஒரு முள்முடி செய்து, பல்லுக்குத்தும் குச்சிகளை முள்ளாகக் குத்தி மேசையில் வைத்திருந்தார். சொன்ன ஒறுத்தலைக் காப்பாற்றியவர்கள் ஞாயிறுதோறும் எழுந்துபோய் ஆண்டவரின் தலையிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கலாம். காப்பாற்றாதவர்கள் வாங்கில் உட்கார்ந்து பார்க்கவேண்டியதுதான். என்னத்தை விடுகிறீர்கள் என்று கடதாசியில் எழுதச் சொன்னபோது நான் கொஞ்சமும் யோசிக்காமல் 'சினிமாப் படம்' என்று எழுதிக் கொடுத்தேன். யோசித்திருந்தால் வெண்டிக்காய் என்று எழுதியிருப்பேன்.

படப் பைத்தியம் எனக்கு அம்மா வழியில் வந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போவார். அங்கே அவருடைய சிநேகிதி இருந்தார். கொன்வென்ற்றில் முதலாம் வகுப்பிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர் நெற்றியில் திருநீறும், அம்மா கழுத்தில் அந்தோனியார் சுரூபமுமாகப் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வருவார்கள். நான் அவரை அன்ரி என்பேன். அன்ரியின் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் ரியூசனுக்குப் போய்விடுவார்கள். கணவர் வெளிநாட்டில். எனக்கு அவரைச் சொக்லேற் பெட்டிகளாக மட்டும்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி இப்போது நினைத்தாலும் எனக்கு அவசரம் எல்லாம் போய்விடுகிறது. வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதியில் வெயில் எரிக்கும். ஒவ்வொரு குறுக்கொழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரியும். இருவரும் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். சேலைக் கரையை விரலால் தடவிப் பார்ப்பார்கள். இது உனக்கு, இது எனக்கு என்று பங்கு பிரித்துவிட்டு, இரண்டு பங்கையும் கடைக்காரனிடமே விட்டுவிட்டு இறங்கி வருவார்கள். பிறகு சைவக்கடையில் தோசை. தோசைக்குப் பிறகு புத்தகம் மாற்றுவார்கள். போன மாதம் கொண்டுபோனதைக் கொடுத்து அன்ரியிடம் புதிதாக இரண்டு வாங்கிக்கொள்வார் அம்மா. கதாநாயகி செய்தது சரியா பிழையா என்று அந்த மேசையில் நடக்கிற வழக்கு முடிய தேநீர் ஆறிப்போகும். சில மாதங்களில் படமும் உண்டு. வீட்டில் வாய் திறந்து சிரிக்காத அம்மா அங்கே தோளைக் குலுக்கிச் சிரிப்பார். நான் இருவருக்கும் நடுவில், இரண்டு பக்கத்துக் கையையும் பிடித்துக்கொண்டு, இந்த நாள் முடியவே கூடாது என்று நினைத்துக்கொண்டு போவேன்.

தவக்காலத்தில் மட்டும் இந்தப் பயணம் கிடையாது. அது அன்ரிக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மூன்றாம் கிழமை போன் எடுத்தார். "தபசு காலமெண்டு உனக்குத் தெரியுந்தானேயடி," என்று தொடங்கிய அம்மா, பிறகு வெகுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வாறன்," என்று வைத்தார்.

அப்பாவிடம் சொல்லக் காரணம் கையிலேயே இருந்தது. என்னுடைய முதல் நன்மைக்கு வெள்ளைத் துணி எடுக்கவேண்டும். அப்பா துறைமுகத்தில் கிளார்க். எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பவர். "வெள்ளைத் துணிக்கு ஏன் வெள்ளவத்தை? பெட்டாவில இல்லாத துணியே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால், உட்கார இடம் கிடைக்குமுன்பே பெட்டா என்கிற புறக்கோட்டை வந்துவிடும். அம்மா, "அங்க நல்ல லேஸ் இருக்குதாம்," என்று சொல்லிச் சமாளித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். சுவாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்காக என் பாவங்களை ஒரு கொப்பியில் எழுதிவந்தேன்; அதுவரைக்கும் பதினொன்று சேர்ந்திருந்தது.

துணிக்கடையில் கட்டுக் கட்டாக வெள்ளையை உருட்டி விரித்தார்கள். கண் கூசியது. அன்ரி ஒவ்வொன்றாக என் தோளில் போட்டு, தூர நின்று பார்த்து, தலையை ஆட்டி, அடுத்ததைப் போட்டார். கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "மல்லி, தவ மீட்டரயக்," என்று வெட்டுகிற பையனிடம் சிங்களத்தில் இன்னும் ஒரு மீற்றர் கேட்டார். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "வளர்ற பிள்ளையடி. உள்ளுக்கு நல்லா மடிச்சுத் தை," என்றார். அன்று முழுவதும் என்னைத் தொட்டுத் தொட்டே பேசிக்கொண்டிருந்தார்.

தோசைக்கடையில் அன்ரி மேசைக்குக் கீழே ஒரு பெரிய துணிப்பையைத் தள்ளினார். எட்டிப் பார்த்தேன். முழுக்கப் புத்தகம். வழக்கமான இரண்டல்ல, இருபது முப்பது இருக்கும். "இவ்வளவையும் நான் எப்ப வாசிச்சுத் திருப்பித் தாறது?" என்று அம்மா திகைத்தார். அன்ரி, "ஆறுதலா வாசி. அவசரமில்லை," என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைக் கிண்டினார். வனாந்தரத்தில் ஆண்டவரைச் சோதிக்க வந்த பிசாசு கல்லை அப்பமாக்கச் சொன்னதாக அப்போதுதான் படித்திருந்தோம். அம்மாவைச் சோதிப்பதென்றால் அது இப்படித்தான், துணிப்பையோடு வரும் என்று எனக்குப் பட்டது.

சோதனை அத்தோடு நிற்கவில்லை. கடையை விட்டு இறங்கியதும் அன்ரி, படத்துக்குப் போவோம் என்றார்.

"விசரே உனக்கு? இவளுக்கு வாற கிழமை பாவசங்கீர்த்தனம்," என்றார் அம்மா.

"இண்டைக்கு மட்டும். இனிக் கேக்கமாட்டன்."

அம்மா அவருடைய முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் பக்கம் நடந்தார். எனக்கு அழுகை வந்தது. படிகளில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தக் களிமண் முடியும், நான் மட்டும் வாங்கில் இருக்கப்போவதும்தான் கண்ணுக்குள் நின்றன. ஆனால் உள்ளே போய், இருவருக்கும் நடுவில் இருந்து, விளக்கு அணைந்தபோது எனக்கு வழி கிடைத்துவிட்டது. கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அப்படி ஒரு படத்தை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை. இருட்டுக்குள் இருட்டு. எங்கேயோ மழை பெய்தது, ஒரு கார் வந்து நின்றது, ஆரோ ஓடினார்கள். சனம் கொல்லென்று சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்சநேரத்தில் பயம் போய் ஒரு மயக்கம் வந்தது. குரல்கள் முன்னாலிருந்து வந்தன, தலைக்கு மேலாலும் வந்தன. எது திரையில் பேசுகிற குரல், எது வேறு குரல் என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரே கதையாக வந்தது.

அந்தக் கதையில் ஒரு பெண்ணுக்கு விசா வந்திருந்தது. வந்து இரண்டு கிழமை. தன் சிநேகிதியிடம் சொல்ல வாய் வராமல் இருந்திருக்கிறாள். "எப்ப?" என்று சிநேகிதி கேட்டாள். "புதன்கிழமை," என்றாள் அவள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். அங்கே குளிராம். "போய்ச் சேர்ந்தோண்ண போன் எடுப்பன், அழாதையடி," என்றாள். சரியாக அந்த இடத்தில் தியேட்டர் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சனங்கள் இதுகள், ஒருத்தி அழுகிறாள், இதுகள் சிரிக்கின்றன என்று நினைத்தேன். அம்மாவும் அன்ரியும் மட்டும்தான் சிரிக்கவில்லை. என் மடியில் இருவருடைய கைகளும் வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இடைவேளையில் கண்ணைத் திறந்தபோது இருவருக்கும் முகம் வீங்கியிருந்தது. அன்ரி எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். நல்ல மனமுள்ளவர்கள் படத்தை இப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு இருவர் மேலும் பெருமையாக இருந்தது.

பஸ் வந்தபோது அன்ரி என் நாடியைப் பிடித்துக் கொஞ்சினார். அம்மா ஏறி இருந்து, திரும்பிப் பார்க்காமல் முன்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகப் பை என் மடியில் கனத்தது. படத்துக்குப் போனதை அப்பாவிடம் சொல்லாதே என்று அம்மா சொல்லப்போகிறார் என்று கோட்டை வரைக்கும் காத்திருந்தேன். கொட்டாஞ்சேனை வந்தும் அவர் சொல்லவில்லை.

அப்பா வாசலில் நின்றார். "துணி எடுக்க ஆறு மணித்தியாலமோ?"

"சரியான சனம்," என்றார் அம்மா.

அது பொய். என்னை வைத்துக்கொண்டு சொன்ன பொய். நான் பேசாமல் நின்றால் கொப்பியில் பன்னிரண்டாவது பாவம். தாங்கமுடியாமல், "படத்துக்கும் போனனாங்கள்," என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் முகம் கறுத்தது. "தபசு காலத்தில படமோ? பிள்ளை முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யுது, நீர் அதைக் கையில பிடிச்சுக்கொண்டு தியேட்டருக்குப் போயிருக்கிறீர். அதுவும் அங்க இப்ப ஓடுற பகிடிப் படத்துக்கு. வெக்கமில்லையே?"

அம்மா அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கதிரையில் இருந்து வெள்ளைத் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். என் ஆன்மாவைக் காப்பாற்றப்போய் அம்மாவை மாட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்படியாவது அவரைக் காப்பாற்றவேண்டும். நான் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். அது பகிடிப் படமே இல்லை, சரியான சோகப் படம், அம்மாவும் அன்ரியும் கடைசி வரைக்கும் அழுதவை என்றேன். அப்பா நம்பவில்லை என்று தெரிந்ததும் கதையையே சொல்லத் தொடங்கினேன். இரண்டு சிநேகிதிகள். ஒருத்திக்கு விசா வந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. புதன்கிழமை பிளேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடம். குளிர். இவ்வளவு நன்றாகக் கதை சொல்ல எனக்கு வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்பா திட்டுவதை நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்தார். நிலத்தில் இருந்த புத்தகப் பையைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"கனடாவுக்கோ?"

"ஓம்," என்றார் அம்மா.

"நீர் இரும். நான் தேத்தண்ணி போடுறன்," என்று சொல்லிவிட்டு அப்பா குசினிக்குள் போனார்.

நான் அசந்துபோய் நின்றேன். எந்த நாடென்று நான் சொல்லவேயில்லை. எனக்கே தெரியாது. அது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறதென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கமுடியும். வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்கு முதல் ஆளாகப் போகிற அப்பா, தவக்காலத்தில், எங்கள் ஒருவருக்கும் சொல்லாமல், தனியாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்.

நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் முள்ளைப் பிடுங்கினேன். வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுப் பதினொரு பாவங்களையும் சொல்லி முடித்தேன். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் புதன்கிழமையிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாரே, தன் பாவத்துக்கு அது போதும் என்று நினைத்தேன். எழுந்திருக்குமுன் குரலைத் தாழ்த்தி, "சுவாமி, எங்கட அப்பாவும் ஒரு படம் பார்த்தவர். அவருக்கும் சேர்த்து மன்னிப்புத் தாங்கோ," என்று கேட்டேன்.