பெட்டிக்கு இருபது கிலோ

விரல்கள் காம்பைத் தொட்டதுமே தக்காளியின் தரம் தெரிந்துவிடும். முழுக்கச் சிவந்தது கூடைக்கு, செங்காய் பெட்டிக்கு, புழு குத்தியது காலடிக்கு. காம்பைக் கிள்ளிவிட்டுத்தான் அடுக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்துப் பழத்தைக் குத்தும். இதை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மண்டியிலிருந்து திரும்பி வந்த பெட்டிகளைக் கொட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

"தொட்டில்ல புள்ளையப் போடுற மாதிரி போடுறீங்களே அண்ணி, வண்டி ஒம்போதுக்குக் கிளம்பிரும்," என்றாள் நாத்தனார்.

"எதுக்கு அவ்வளவு அவசரம்? அதான் எனக்கு உதைக்குது."

ஊரில் அவள் பெயர் 'தராசு'. சர்க்கரைப் பொட்டலத்தைக் கடை வாசலிலேயே தன் கொக்கித் தராசில் மாட்டிப் பார்ப்பாள். "என்னையும் நிறுத்துப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா," என்பான் லாரி ஓட்டும் கணவன்.

போன மாதம் நகராட்சி எழுத்தர் வந்தார். சிறு விவசாயிகளின் சரக்கை நகராட்சி வண்டியே நகரச் சந்தைக்கு எடுத்துப்போகுமாம், தரகு கிடையாதாம். நிலம் எவ்வளவு, கிணறு எத்தனை அடி என்று எழுதிக்கொண்டார். அவள் தண்ணீர் கொடுத்தாள். கிணற்றில் நாலடி குறைத்துச் சொன்னாள்.

மண்டிக்காரருக்கு விஷயம் எட்டியது. "அங்க பேரு குடுத்துட்டேல்ல, இனிமே இந்தப் பக்கம் வந்துராத," என்று சொல்லி அனுப்பினார். ஆக, இன்று நகராட்சி வண்டியில் ஏறாவிட்டால் பதினாலு பெட்டியும் வீட்டில் அழுகவேண்டியதுதான்.

வண்டி நின்ற கொட்டகையில் எழுத்தர் முதல் பெட்டியை மின் தராசில் வைத்தார். காலிப் பெட்டியின் எடை போக இருபத்திரண்டு காட்டியது.

"இருபதுதான் கணக்குக்கா. ரெண்டு கிலோ எதுக்குக் கூட?"

"கழிவுக்கு."

"எந்தக் கழிவு?"

பன்னிரண்டு வருடமாக மண்டியில் பெட்டிக்கு இரண்டு கிலோ கழிவு என்று எடுத்தார்கள். கேட்காமலே போட்டுக் கை பழகிவிட்டது.

"எடுத்துருங்க. பதினாலுலயும்."

எடுத்துக்கொள்கிறவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று தள்ளுகிறவரை நம்ப மனம் வரவில்லை.

"இங்க எடுக்கச் சொல்லிட்டு, அங்க போனதும் எடை குறையுதும்பீங்களா?"

"அக்கா, நான் எழுத்தர். மந்திரவாதி இல்ல."

அவள் மடியிலிருந்து கொக்கித் தராசை எடுத்தாள். குறைத்த பெட்டியை மாட்டினாள், பிறகு காலிப் பெட்டியை. கழித்துப் பார்த்தால் சரியாக இருபது. அப்போதும் முகம் இளகவில்லை.

"இருபதுன்னு பெட்டி மேல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"பதினாலுலயுமா?"

"எடுக்கச் சொன்னது பதினாலுலயும்தானே?"

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

இப்போது வேறு சிக்கல். இரண்டு கிலோ எடுத்த இடம் காலியாக இருந்தது; வண்டி குலுங்கினால் பழம் உருண்டு நசுங்கும், சொத்தை என்று சொல்ல வழி கிடைத்துவிடும். அவள் வைக்கோலைச் சுருட்டி ஓரங்களில் திணித்தாள். பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். ஒரு பழம் அசைந்தது. இன்னொரு பிடி திணித்தாள்.

ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பதின்மூன்று பெட்டி ஏறிவிட்டது. கடைசிப் பெட்டியின் ஒரு பிடி எழுத்தர் கையில், மறுபிடி அவள் கையில்.

"விடுங்கக்கா."

"கையெழுத்து?"

குனிந்து பார்த்தார். இல்லை. ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடியே போட்டார். அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பிடியை விட்டாள்.