பால் வடிந்த வேப்பமரம்

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய வேப்பமரம் நின்றது. அதன் நிழலில்தான் நான் ஆப்பம் சுட்டு விற்றேன். தெருவுக்குக் கரண்டு வந்த புதிதில், என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சிமெண்டு மேடை போட்டார். அடிமரத்தில் விரல் நுழைய இடமில்லாமல் பூசிவிட்டார்கள். மழைத்தண்ணீர் எப்படி இறங்கும் என்று அப்போதே கேட்டேன். யார் காதில் விழுந்தது?

அடுத்த பங்குனியில் மற்ற மரங்களெல்லாம் கொழுந்து விட, இதன் உச்சிக் கிளைகள் மொட்டையாகவே நின்றன. வந்த இலையும் சிறுத்து வெளுத்திருந்தது. மேடை விரிசலில் காளான் முளைத்தது. பட்டையை அழுத்தினால் விரல் உள்ளே போனது. தினம் அதன் கீழே உட்காருகிறவளுக்கு இது தெரியாதா? மரத்துக்கு உடம்பு சரியில்லை என்று ஆப்பம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அடிமரத்திலிருந்து நுரை நுரையாகப் பால் வடிந்தது. அவ்வளவுதான். மஞ்சள் துணி, குங்குமம், மைக் செட்டு. கொருக்குப்பேட்டையிலிருந்தெல்லாம் சொம்போடு வந்து பிடித்துக் குழந்தைகளுக்குப் புகட்டினார்கள்.

"ஆத்தா பால் குடுக்குறா, பாத்தியாமே!" என்றார் மூத்தார்.

"பாலு இல்ல மாமா, சீழு. மரம் செத்துகினு கீது. மொதல்ல அந்த சிமெண்டப் பேத்து எடு."

கூட்டத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னா வாய்மே உனக்கு! ஆத்தாளப் போயி சீழுன்ற?"

"ஆத்தாளா சிமெண்டு கேட்டா? கழுத்து வரிக்கும் பூசிகினு நீ நில்லு, உனக்கும் வடியும்."

சிலர் சிரித்தார்கள். ஆனால் என் பக்கம் ஒருவரும் வரவில்லை. மறுநாள் கடப்பாரையோடு போனேன். ஒரு மூலைதான் பெயர்ந்தது, மூத்தார் பிடுங்கிக்கொண்டார். "ஆத்தா மூஞ்சில பொகை வுடாத. தூக்குமே அடுப்ப!"

"ஊரு பூரா கம்பெனிப் பொகை. அது ஆவுது, என் ஆப்பப் பொகை ஆவலியா?"

அடுப்பைத் தெருவில் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து எதிர்ப்பக்கத்து வெயிலில்தான் எனக்குப் பிழைப்பு.

ஆடியில் பால் நின்றது. இலை கொட்டியது, பிறகு துளிர்க்கவே இல்லை. என் நாக்குக்குப் பயந்து ஆத்தா போய்விட்டாளாம்! மூத்தார்தான் தெருவெல்லாம் அப்படிச் சொன்னார். கடைசியில் அவரே ஆள் வைத்து மரத்தை வெட்டினார். கோடாலி விழுந்ததும் உள்ளிருந்து கறுப்பாக, ஈரமாக, நாற்றத்தோடு சரிந்தது.

எழுந்து போனேன். அதில் ஒரு கை அள்ளி அவர் முன்னால் நீட்டினேன்.

"இந்தா மாமா, பிரசாதம். இதையும் புள்ளைங்களுக்குப் புகட்டு."

அவர் வாங்கவில்லை.