ஆற்றில் விழுந்த கரிக்காரும் ரத்தினம் டீச்சரும்

ரத்தினம் டீச்சர் போய்விட்டார். செய்தி வந்தபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஆயர் ஈத்தாமிலிருந்து அவருடைய தங்கை மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அன்ட்டி, பெரியம்மா விடியக்காலைல போயிட்டாங்க. தூக்கத்துலயே. கொஞ்சங்கூட பயப்படலே அன்ட்டி" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ரத்தினம் அக்காவாவது, பயப்படாமல் இருப்பதாவது! தூக்கத்தில் போனதால் அவருக்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், மாடு எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடும் பயம். பள்ளிக்கூடத்துக்குப் புது மாடி கட்டியபோது, பார்வையிட வந்த பெரிய அதிகாரி முன்னால் அங்கே வேலை பார்த்த நாங்கள் எல்லோரும் கைகட்டி நின்றோம். அக்கா மட்டும் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டு, "எனக்குப் பயமாக் கிடக்கு சேர், அதுதான் கேக்கிறன். இந்தப் படி தாங்குமோ?" என்றார். படி தாங்கியது. நாங்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். பயத்தை ஒளிக்கத் தெரியாத மனுஷி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி, வீடு நிறையப் புத்தகம், மனசு நிறையப் பயம். இப்படி நான் அவரைக் கேலி செய்தால், "ஓம், அதுக்கென்ன?" என்பார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு பயப்படாதவர் யார்? ஆனால் எங்கள் பயத்துக்கும் அக்காவின் பயத்துக்கும் வித்தியாசம் உண்டு. தெருமுனையில் காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் செய்துவிட்டுத்தான் யாரும் கடந்து போக வேண்டும். மறந்தால் கன்னத்தில் அறை, இல்லாவிட்டால் வெயிலில் முட்டி போட வேண்டும். ஒருநாள் நாங்கள் போகும்போது காவல் கூண்டில் ஆளே இல்லை. அக்கா அந்தக் காலிக் கூண்டுக்கு இடுப்பு வளையக் குனிந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல், "என்னக்கா, கூண்டுக்கா கும்பிடு போடுறீங்க?" என்றேன். "உள்ளுக்கை ஆராவது படுத்திருந்தால் என்ன செய்யிறது பிள்ளை? குனியிறதுக்குக் காசோ கேக்கிறாங்கள்?" என்று சொல்லிவிட்டு, என் பிடரியில் கையை வைத்து என்னையும் குனிய வைத்தார்.

என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. எனக்கு அப்போது ஒரே பெண் குழந்தை, வசந்தா. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழும், அது மேலே வராது. கிழங்கைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வாள். பார்த்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், "மருந்து ஒன்னும் இல்லம்மா. எங்கயாச்சும் அரிசி பாருங்க. கஞ்சி உள்ள போனாப் பொழைச்சுக்கும்" என்றார். அரிசிக்கு எங்கே போவேன்? ரேஷனில் கொடுத்தது பாதி நொய்யும் பாதி சுண்ணாம்புமாக இருந்தது, அதுவும் நின்றுபோயிருந்தது. வெளியிலிருந்து டவுனுக்கு அரிசி கடத்தி வந்து பிடிபட்டவர்களுக்கு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும்.

காதர் அண்ணே என்று ஒருவர், ராணுவத்துக்குக் காய்கறி சப்ளை செய்யும் காண்ட்ராக்டரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் கரி அடுப்புப் பூட்டிய பழைய கார். பெட்ரோலை யார் கண்டது, கரிப்புகையில் ஓடும் கார்தான் எல்லாம். எங்கள் தீவின் அந்தப் பக்கத்து வயல்காட்டுக்கு அவர் காய்கறி எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போகச் சம்மதித்தார். என் கல்யாணப் பட்டுப் புடவையைக் கொடுத்தால் அங்கே ஒரு மலாய்க்கார அம்மா அரிசி தருவதாகச் சொல்லியிருந்தார். நான் தனியாகக் கிளம்பினேன். கார் கதவைத் திறந்தால், ரத்தினம் அக்கா உள்ளே உட்கார்ந்திருக்கிறார். "எனக்குச் சரியான பயம். ஆனால் உன்னைத் தனிய விட்டால் இன்னும் பயம்" என்றார்.

அந்த அம்மா வீட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்து, பழைய துணியில் நீளப்பை தைத்து, அரிசியைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டோம். என்னுடையது இடுப்பைச் சுற்றி. அக்காவுக்கு முன்பக்கம் வயிறு மாதிரி. காதர் அண்ணேதான் அந்த யோசனை சொன்னார். "டீச்சர், நீங்க பிள்ளத்தாச்சி மாதிரி உக்காந்துக்குங்க. அந்த வயித்த எவனும் தொட மாட்டான்லா." அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, கலியாணம் கட்டாத பொம்பிளை நான்! எங்கடை ஆக்கள் ஆராவது கண்டால்?" என்றார். ஜப்பான்காரன் பயத்தைவிட அந்தப் பயம்தான் வழியெல்லாம் அவரைப் பிடித்து ஆட்டியது.

திரும்பும்போது அடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. வழியில் ஓர் ஆறு, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆறு. அப்போது தண்ணீர் கரைவரை ஏறி நின்றது. ஆற்றுக்கு மேலே மரப்பாலம், பாலத்தின் மேட்டில் காவல். அந்தக் காருக்கு ஹேண்ட் பிரேக் செத்துப் பல நாளாகியிருந்தது, சாமான் கிடைக்காது. இன்ஜினை அணைத்தால் கரிவண்டியை மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் காதர் அண்ணே இன்ஜினை ஓடவிட்டபடியே குதித்து இறங்கி, ஒரு மரக்கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் செருகுவார். அப்புறம்தான் போய்க் குனிவார். போகும்போது ஒவ்வொரு காவலிலும் அப்படித்தான் செய்தார். இந்தக் காவலில் புது ஆள். கார் நிற்பதற்குள்ளேயே கத்தத் தொடங்கிவிட்டான். காதர் அண்ணே கட்டையோடு இறங்கினார். அவன் துப்பாக்கியைத் தூக்கியதும், நின்ற இடத்திலேயே விறைத்து, குனிந்துவிட்டார். கட்டை இன்னும் அவர் கக்கத்திலேயே இருந்தது.

நாங்களும் இறங்கிக் குனிய வேண்டும். அரிசிக் கட்டோடு எழுந்திருப்பதற்குள் கார் பின்னால் நகர்ந்தது. "அக்கா, ஓடுதுக்கா!" என்றேன். கார் ஈரச் சரிவில் பின்பக்கமாகவே உருண்டு, சாலையை விட்டுத் திரும்பி, ஆற்றுக்குள் விழுந்தது. பின்னாலிருந்த கரி அடுப்பில் தண்ணீர் பட்டதும் சீறியது பாருங்கள், அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஆவி உள்ளே அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. காலுக்கடியில் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஏறியது. முன் சீட்டில் அடுக்கியிருந்த பூசணிக்காய்கள் உருண்டு எங்கள் மேல் விழுந்தன. கதவைத் தள்ளினேன், மலையைத் தள்ளுவது போல இருந்தது. அக்கா தன் பக்கத்துக் கதவைத் தோளால் இடித்தார். அதுவும் அசையவில்லை.

கார் அக்கா பக்கமாகச் சாய்ந்ததால் என் பக்கத்து ஜன்னல் மேலே இருந்தது. கண்ணாடி இறங்கியிருந்தது. கரிப்புகைக்குப் பயந்து அக்காதான் காலையிலேயே இறக்கச் சொல்லியிருந்தார். தலையை விட்டேன், தோள் போனது, இடுப்பு மாட்டிக்கொண்டது. அரிசி! முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தாண்டி என் வாய்க்குள் வந்தது. செத்தேன் என்றே நினைத்தேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல். "அரிசியை விடு பிள்ளை! அவிட்டு விடு!"

"வேணாங்கா! வசந்தா செத்துருவா! விட மாட்டேன்!"

"விசரி! அவளுக்குத் தகப்பனும் இல்லை! நீ வேணும், நீ!"

அவர் கை என் முதுகில் தடவியது. ஒரே இழுப்பு. பாரம் நழுவி உள்ளே விழுந்தது. என் இரண்டு காலையும் பிடித்து வெளியே தள்ளினார். நான் தண்ணீருக்கு மேலே வந்து, பாலத்துக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். காரின் கூரை தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போய்விட்டது. குமிழிகள் மட்டும் வந்தன. நான் கத்தினேன், "அக்கா! அக்கா!" காதர் அண்ணே குதித்தார், முங்கினார், வெறுங்கையோடு வந்தார். மறுபடி முங்கினார். கத்தரிக்காய்கள் என்னைச் சுற்றி மிதந்தன. மேலே சிப்பாய் என்னவோ கூச்சல் போட்டுக்கொண்டிருந்தான். குமிழியும் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, அக்காவைத்தான் கூப்பிட்டேன்.

மூன்றாம் தடவை காதர் அண்ணே மேலே வந்தபோது அவர் கையில் அக்காவின் கொண்டை இருந்தது. உள்ளே தண்ணீர் முழுவதும் நிறைந்த பிறகு, அசையாத கதவு தானாகவே திறந்துகொண்டதாம். கரையில் இழுத்துப் போட்டோம். வாந்தியெடுத்தார், இருமினார், உடனே அழத் தொடங்கினார். வயிறு அப்படியே இருந்தது. சிப்பாய் கத்தி செருகிய துப்பாக்கியோடு இறங்கி வந்தான். ஈரத் துணியின் ஓரத்திலிருந்து அரிசி பொலபொலவென்று சேற்றில் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் அதன்மேல் காலை வைத்து மறைத்தேன், பிறகு அடுத்த காலையும் வைத்தேன். அக்கா தள்ளாடி எழுந்து, அந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனுக்குக் குனிந்தார். அவன் வயிற்றைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், கையை வீசிப் போகச் சொன்னான். காரைப் பறிகொடுத்ததற்குக் காதர் அண்ணே வாங்கிய அடி தனிக் கதை.

ஒரு மாட்டுவண்டிக்காரர் எங்களை ஏற்றி வந்து வீட்டில் விட்டார். சேறு போகக் கழுவிக் கழுவிக் கஞ்சி வைத்தேன். உப்பே போட வேண்டியிருக்கவில்லை. வசந்தா முதல் கரண்டியை வாயில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள். பிறகு கையை நீட்டி இன்னும் கேட்டாள். அக்கா சமையலறை மூலையில் என் புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து நடுங்கினார். "ஏங்கா, எனக்கு அவிழ்த்து விட்டீங்களே, நீங்களும் அவிழ்த்துட்டு அதே ஜன்னல் வழியா வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "எங்கை பிள்ளை! பயத்திலை கை நடுங்கிச்சுது. முடிச்சு இறுகிப் போச்சு. இழுத்து இழுத்துப் பார்த்தன், அவிழேல்லை" என்றார்.

இந்தக் கதையை நீங்களும் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். ஆண்டு தவறாமல் வகுப்பில் சொல்வார். "அவ்வளவு பயந்தாங்கொள்ளி நான், ஒரு முடிச்சுக்கூட அவிழ்க்கத் தெரியேல்லை" என்று முடிப்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவர் காரில் ஏறவே மறுத்தார். அக்கரையில் பாகான் டாலாமில் நடந்த வசந்தாவின் கல்யாணத்துக்குக்கூடப் படகில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு வந்து, இறங்கியதும் கல்யாண வீடுவரை நடந்தே வந்தார். தண்ணீர்ப் பயம் கடைசிவரை போகவில்லை. கனவில் மூக்குவரை தண்ணீர் ஏறுவதாகச் சொல்லி அழுவார். அதெல்லாம் உண்மை.

ஒன்று மட்டும் உண்மையில்லை. அவர் இருக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை, இனிமேல் சொல்லலாம். அந்த மலாய்க்கார அம்மா வீட்டில் எங்கள் இரண்டு கட்டையும் கட்டியவள் நான். இரண்டுக்கும் ஒரே மாதிரி சுருக்கு முடிச்சுதான் போட்டேன், நுனியை இழுத்தால் வந்துவிடும். வீட்டுக்கு வந்து, கஞ்சி வைப்பதற்கு முன்னால், அவர் முதுகிலிருந்து அதை அவிழ்த்தவளும் நான்தான். அது இறுகியிருக்கவில்லை. ஒரு விரலால் இழுத்தேன், வந்துவிட்டது.

பல்லிக்குப் பயந்த ரத்தினம் அக்காவை நீங்கள் எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், மூக்குவரை தண்ணீர் ஏறும்போது, திறக்காத கதவை இடித்துக்கொண்டு, முடிச்சை இழுக்கக் கையை மட்டும் முதுகுப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தாரே, அவரை நான் வைத்துக்கொள்கிறேன்.